அலுமாரிக்குப் பதிலாக வந்த கிட்டார்

போன மாதம் நம்ம பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகள் ஒன்றாகக் கூடிய இடத்தில் உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "ஒங்கம்மா அலுமாரி வாங்குற காசுல கரண்டு கிட்டார் வாங்கிட்டு வந்தாங்கன்னு சொல்றது நெசமா, இல்ல நாமளே கட்டிவிட்டதா?"

நிஜம்தான். உங்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கோயிலுக்குள் நனைந்த தலையோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஆனால் கண்டிக்கு எங்களோடு யாரும் வரவில்லையே. கண்டியில் நடந்ததைச் சொன்னால்தான் கோயிலில் நடந்ததும் ருசிக்கும். அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வாசியுங்கள், அவசரமில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தலவாக்கலைப் பக்கத்து ஆறாம் மாச மழையை, இப்போது வெயிலூர்களில் குடியேறிவிட்டவர்கள் மறந்திருப்பீர்கள். லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரையில் அது விழ ஆரம்பித்தால் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பேச்சு நின்றுவிடும். சாப்பிட வா என்பதைக்கூடக் கையால்தான் காட்டுவோம். நம்ம அந்தோனியார் கோயில் கூரையும் தகரம்தான். லயத்தைவிடப் பெரிய கூரை என்பதால் சத்தமும் பெரியது. அந்தோனியார் திருநாள் வருவதோ மழையின் நட்டநடுவில்.

அந்தக் கோயிலில் பாட்டுக்குக் கிட்டார் வாசித்தவள் என் அம்மா. பகலெல்லாம் தேயிலை மலையில் கொழுந்து எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சேலையை மாற்றிக்கொண்டு கோயிலில் கிட்டார் வாசிப்பாள். சின்ன வயதில் நுவரெலியாவில் சிஸ்டர்மார் நடத்திய விடுதியில் வளர்ந்தவள். அங்கே ஒரு சிஸ்டர் பழக்கிவிட்டது. அவள் வாசித்தது கோயிலுக்குச் சொந்தமான மரக் கிட்டார். ஈரத்தில் கழுத்து வளைந்துபோய், கம்பிகள் மரத்தைவிட்டு விரற்கடை உயரத்தில் நின்றன. கொழுந்து கிள்ளி வெடித்த விரலால் அந்தக் கம்பிகளை அழுத்தினால் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா விரல்களை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாள். தேயிலைக் கறை ஏறிய கறுப்பு விரல் நுனிகளில் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு வாசித்தும், மழை வந்துவிட்டால் அவள் வாசிப்பது அவளுக்கே கேட்காது.

அந்த வருசம் திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, உபதேசியார் அம்மாவைக் கோயில் வாசலில் நிறுத்திப் பேசினார். பாதர் மாதத்துக்கு ஒரு தடவைதான் நம்ம தோட்டத்துக்கு வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்லிக்கொடுத்துக் கோயிலைக் கவனித்துக்கொண்டது உபதேசியார்தான். ஒல்லியாக, எப்போதும் குடையும் கையுமாக இருப்பாரே, அவர்.

"இந்த வருசம் டவுன்லேருந்து பேண்டு கூப்புடலாம்னு பேசியிருக்கோம்," என்றார். "போன வருசம் நீங்க வாசிச்சது மொத வரிசைக்கே கேக்கல. ஒங்களுக்கு எதுக்கு வீணா செரமம்?"

"மழ பேஞ்சா யாரு வாசிச்சாலும் கேக்காதுங்க."

"அவங்ககிட்ட ஆம்ப்ளிபயர் இருக்கு."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எங்கிட்டயும் இருந்தா?" என்று கேட்டாள்.

உபதேசியார் சிரித்துவிட்டார். "இருந்தா நான் ஏன் டவுனுக்குப் போறேன்? திருநாளுக்கு முந்துன ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன். அப்புறம் பேண்டுக்கு அட்வான்ஸ் குடுத்துருவேன்."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடி இறுகிக்கொண்டே வந்தது.

அந்த மாதம் மலையில் பெண்கள் சேர்ந்து போட்டிருந்த சீட்டு அம்மாவுக்கு விழுந்தது. அந்தக் காசில் அலுமாரி வாங்குவது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. முடிவு செய்தவர் அப்பா. அவர் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். காம்பராவின் மூலையில் நூல் பிடித்து அளந்து, டிரங்குப் பெட்டியையும் அரிசித் தகரத்தையும் நகர்த்தி, அலுமாரிக்கு இடம் ஒழித்து வைத்திருந்தார். கதவில் ஆளுயரக் கண்ணாடி இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. "ஒங்கம்மா சேல கட்டிக்கிட்டுப் பாக்கட்டும்," என்பார். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் வீட்டில் காலையும் மாலையும் தலைசீவி மீசையைத் திருத்தியவர் அவர் ஒருவர்தான்.

சீட்டுக் காசு கைக்கு வந்த அன்று சாயங்காலம் ரொட்டி தின்னும்போது அம்மா சொன்னாள்: "என்னாங்க, அலுமாரி வேணாம்."

"வேற என்னா, கட்டிலா?"

"கிட்டாரு. கரண்டுல வாசிக்கிறது. அதுக்கு ஒரு பெட்டியும்."

அப்பா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த மண்ணெண்ணெய் விளக்கை நிமிர்ந்து பார்த்தார். "இந்தா புள்ள, இந்த லயத்துல கரண்டு எங்க இருக்கு?"

"கோயில்ல வாசிக்கத்தான கேக்குறேன்."

"கோயில்ல எங்க இருக்கு?"

"பக்கத்துல டிஸ்பென்சரியில இருக்குல்ல. அங்கேருந்து வயர் இழுத்துக்கலாம்."

லயத்துச் சுவர்கள் கூரைவரை போகாது, தெரியுந்தானே. பக்கத்துக் காம்பரா அத்தை அந்த இடைவெளி வழியாகவே குரல் கொடுத்தாள்: "கரண்டுல வாசிக்கிறதுன்னா அதுவா வாசிச்சுக்குமாடி? அப்ப வாங்குடி. கை வலிக்காதுல்ல!"

அப்பா இரண்டு நாள் சரி சொல்லவில்லை; அலுமாரி மூலையை நூல் பிடித்து மறுபடி அளந்தார். அம்மாவும் அவரைக் கெஞ்சவில்லை. மலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். மூன்றாம் நாள் அப்பா லொறிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து, "சனிக்கெழம நானும் வாறேன். ஒங்கள மட்டும் அனுப்புனா கடைக்காரன் ஓட்ட சாமான கட்டிவிட்டுருவான்," என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

தம்பியை அத்தையிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் காலை ரயில் ஏறினோம். பேராதனையில் இறங்கிக் கண்டிக்குப் பஸ். எனக்குக் கண்டி அதுதான் முதல் தடவை. வேர்த்தது. மனிதர்கள் ஸ்வெட்டர் போடாமல் நடமாடுவது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

முதலில் போனது கண்ணாடிக் கதவு வைத்த கடை. அங்கே ஒரு சிவப்புக் கிட்டார் தொங்கியது. உதட்டுச்சாயம் பூசின மாதிரி அப்படி ஒரு சிவப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு அதன் கீழேயே நின்றுவிட்டேன். விலையைக் கேட்டால் எங்கள் சீட்டுக் காசு முழுவதும் அதற்கே போய்விடும் என்று தெரிந்தது. ஆம்ப்ளிபயருக்குக் காசில்லை. கடைப் பையன், "மொதல்ல கிட்டார வாங்குங்க, பெட்டிய அடுத்த வருசம் வாங்கலாம்," என்றான்.

"பெட்டியில்லாம இது எவ்வளவு சத்தம் வரும்?" என்று அம்மா கேட்டாள்.

அவன் தட்டிக் காட்டினான். கொசு பாடின மாதிரி இருந்தது.

அப்பா எங்களைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்று, "எஞ்சின் இல்லாத லொறிக்கு பெயிண்ட் மட்டும் எதுக்கு?" என்றார். அந்தச் சிவப்பை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தக் கடைப் பையனே பாவப்பட்டு ஒரு வழி சொல்லியிருந்தான். சந்துக்குள் ஒரு பேக்கரி, அதற்கு மேல்மாடியில் ஏற்கெனவே யாரோ பாவிச்ச வாத்தியங்கள் விற்கிற கடை. படி ஏறும்போதே பாணும் பட்டரும் வேகிற வாசனை நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். மேலே ஒரு நீளமான அறை. தெருப் பக்கம் ஜன்னலுக்குப் பதிலாக உருட்டி இறக்குகிற தகரக் கதவு, பாதி இறக்கியபடி. சுவர் நிறையக் கிட்டார்கள். முதலாளி சிங்களவர், தொப்பை விழுந்த ஆள், மேசையில் கால் நீட்டிக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சிங்களத்தில் விசயத்தைச் சொல்ல, அவர் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்து, "வாசிக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"நோனா," என்றார் அப்பா. தன் பெண்சாதியை அப்படி ஒரு மரியாதைச் சொல்லால் அவர் சொன்னதை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

காசுக்குள் அடங்குவதாக முதலாளி இரண்டு கிட்டார்களை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று நீலம். இன்னொன்று புளியங்கொட்டைக் கலர், ஓரமெல்லாம் பெயிண்ட் உதிர்ந்தது, திருகுகிற குமிழ் ஒன்று காணோம். அப்பா வேலையை ஆரம்பித்தார். நீலத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, அடியில் தடவிப் பார்த்தார். "இது எங்கயோ அடிபட்டு டிங்கர் வேல செஞ்சது," என்றார். புளியங்கொட்டையைத் தட்டிப் பார்த்து, "எத்தன பேர் கை மாறியிருக்கு?" என்று கேட்டார். ஒரே ஒருத்தர்தான் பாவிச்சது என்று முதலாளி சத்தியம் பண்ணினார். "எல்லா லொறியும் ஒருத்தர் ஓட்டினதுதான்," என்று அப்பா தமிழில் எங்களிடம் சொன்னார்.

அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நீலத்தை மடியில் வைத்தாள். வயரைக் கொண்டுவந்த முதலாளியைக் கையால் நிறுத்திவிட்டு, கன்னத்தைக் கிட்டார் மரத்திலேயே சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டினாள். விரலை ஒவ்வொரு கட்டமாகக் கழுத்தில் மேலே மேலே நகர்த்தினாள். மேல் கட்டங்களுக்குப் போனதும் கம்பி எதிலோ உரசி, போத்தலுக்குள் மாட்டின ஈ மாதிரி இரைந்தது. நீலத்தைக் கீழே வைத்தாள். புளியங்கொட்டையை எடுத்தாள். அடியிலிருந்து நுனிவரை ஒரு இரைச்சலும் இல்லை. கம்பிகள் மரத்தோடு மரமாகத் தாழ்ந்து கிடந்தன. விரலை வைத்தாலே போதும், அழுத்தவே வேண்டியதில்லை.

அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, என் விரலைப் பிடித்துக் கம்பிமேல் வைத்தாள். "பாரு பாப்பா, வலிக்கல," என்றாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. விடுதியில் ஒரு சின்னப் பெண் இருந்திருப்பாளே, அவள் முகம்.

எனக்கு உள்ளுக்குள் அழுகை. சிவப்பு போனது, இப்போது நீலமும் போனது.

அடுத்தது ஆம்ப்ளிபயர். இங்கேதான் சண்டை வந்தது. மூலையில் என் உயரத்துக்கு ஒரு பெட்டி, கறுப்பாக, இரண்டு ஸ்பீக்கரோடு. பக்கத்தில் தேயிலைப் பெட்டி அளவுகூட இல்லாத ஒரு குட்டிப் பெட்டி. முன்பக்கத் துணியில் சிகரெட் சுட்ட ஓட்டை, மேலே மூன்று திருகு, ஒரு ஆரஞ்சு விளக்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

"பெருசு," என்றார் அப்பா. யோசிக்கவேயில்லை.

"வாசிச்சுப் பாக்கலாங்க."

"இதுல பாக்குறதுக்கு என்னா இருக்கு? பெரிய ஸ்பீக்கர், பெரிய சத்தம்."

பெரியதில் வாசித்தாள். அறை அதிர்ந்தது. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். குட்டியில் வாசித்தாள். அது முதலில் 'ம்ம்' என்று முனகி, சூடேறி, பிறகு சுத்தமாக, மணியடித்த மாதிரி வந்தது. ஆனாலும் பெரியதின் முன்னால் அது சின்னச் சத்தம்தான்.

"பாத்தியா?" என்றார் அப்பா.

அம்மா இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பாதி இறங்கியிருந்த தகரக் கதவைப் பார்த்தாள். "என்னாங்க, அத முழுசா எறக்கி, கையால அடிங்க."

"என்னாத்துக்கு?"

"மழ வேணும்."

அப்பா ஒரு நிமிசம் விழித்தார். புரிந்ததும் கதவை இழுத்து இறக்கி, இரண்டு உள்ளங்கையாலும் தகரத்தில் அடிக்க ஆரம்பித்தார். "பாப்பா, நீயும் வா!" என்று கத்தினார். நான் ஓடிப்போய்க் கையாலும் காலாலும் சேர்த்து அடித்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அறையே இடிந்து விழுகிற சத்தம். முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளியெழுந்து, "மொகத கரன்னே! மொகத கரன்னே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு கேட்கிறார். "வெஸ்ஸ, முதலாளி, வெஸ்ஸ!" என்று அப்பா அடித்துக்கொண்டே பதில் சொல்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று அவர், மழை, முதலாளி, மழை என்று அப்பா.

அம்மா பெரிய பெட்டியில் வாசித்தாள். எங்கள் தகர மழையோடு அது கலந்து, இன்னொரு தகரம் மாதிரி கடகடத்தது. எது பாட்டு எது அடி என்று தெரியவில்லை. அதன் ஸ்பீக்கர் ஒன்று கிழிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அம்மா வயரைப் பிடுங்கிக் குட்டியில் மாட்டினாள். நாங்கள் இன்னும் வேகமாக அடித்தோம். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஊசி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்தது. அப்பாவின் கை தானாகவே மெதுவாகி நின்றது. அவர் உள்ளங்கை சிவந்திருந்தது.

கதவைத் தூக்கினால் சந்து நிறையக் கூட்டம். மாவு அப்பின கைகளோடு பேக்கரிக்காரர்கள் படியில் நிற்கிறார்கள். ஒருத்தன் கைதட்டினான், உடனே எல்லாரும் தட்டினார்கள். முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயரையும் தோளில் மாட்டுகிற வாரையும் சும்மாவே கொடுத்தார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சின்ன எஞ்சின்தான். ஆனா இழுக்கும்," என்றார். பெட்டியை அவர்தான் தேர்ந்தெடுத்தார் என்று அன்றைக்குத் தொடங்கியவர் கடைசிவரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிட்டாருக்கு உறை இல்லை. அம்மா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக் கொண்டுவந்திருந்தாள். அதில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினோம். ஸ்டேசன் வாசலில் ஒரு பொலிஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். நீளமாக, சுற்றிக் கட்டின ஒரு சாமான். அது யுத்தக் காலம், தமிழர் கையில் எதைக் கண்டாலும் சந்தேகம்தான் என்று உங்களுக்குத் தெரியும். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்பா கயிற்றை அவிழ்த்தார். வாலிபப் பொலிஸ்காரர். கிட்டாரைப் பார்த்ததும் முகம் மாறி, வாசிக்கச் சொன்னார். அம்மா நின்றபடியே வாசித்தாள். அவர் குனிந்து, இன்னும் குனிந்து, காதைக் கிட்டக் கொண்டுவந்தார். "சத்தமே இல்லையே! ஏமாத்திட்டாங்களா?" என்று சிங்களத்தில் கவலையாகக் கேட்டார். அப்பா தோளிலிருந்த பெட்டியைக் காட்டி விளக்க, அவரே கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார். முடிச்சு சரியில்லை என்று அப்பா ரயிலில் ஏறின பிறகு மறுபடி கட்டினார். அதற்கே இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

ரயிலில் இடமில்லை. கம்பளையில் ஏறின ஒரு பெரியம்மா, ஸ்டூல் என்று நினைத்து எங்கள் ஆம்ப்ளிபயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. ஹட்டன்வரைக்கும் அவர் அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டில் கரண்டு இல்லாத கிட்டார் பத்து நாளுக்குக் கொசு மாதிரியே பாடியது. அலுமாரிக்கு ஒழித்த மூலையில் பெட்டி உட்கார்ந்திருந்தது. அம்மா அதன்மேல் ஒரு பூப்போட்ட துணி விரித்தாள். பழைய சோப்புப் பெட்டியை வெட்டி, கம்பி தட்டுகிற வில்லைகள் செய்தாள். லக்ஸ் நிறம், ரோசாப்பூக் கலர். அதில் ஒன்றாவது என்னிடம் இருந்திருக்கலாம் என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது. எத்தனை வீடு மாறியாயிற்று.

அத்தைக்குப் பெரிய ஏமாற்றம். "காசு குடுத்து வாங்கியும் கையாலதான் தட்டணுமா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா உபதேசியாரிடம் விசயத்தைச் சொன்னபோது, அவர் பேண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வயரைப் பற்றித்தான் பேசினார். "டிஸ்பென்சரியிலேருந்து மழையில வயரா? தெறந்த வெளியிலயா? வேணாம்மா. கரண்டு வெளையாட்டு இல்ல." அப்பா அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. கடைசியில் டிஸ்பென்சர் ஐயா சரி என்று சொல்லிவிட்டதால் அரைமனதாகத் தலையாட்டினார். கிட்டார் என்றால் அவருக்கு ஆகாது, பொம்பளை வாசிப்பது பிடிக்கவில்லை, அதற்குத்தான் கரண்டைச் சாக்குச் சொல்கிறார் என்று லயம் முழுக்கப் பேசினோம். நானும் அவர் நடக்கிற மாதிரி குடை பிடித்து நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

திருநாளன்று விடியும்போதே மழை. அப்பா டிஸ்பென்சரியிலிருந்து வயரை இழுத்து, கொய்யா மரத்தில் ஒரு கட்டு, கோயில் ஜன்னல் கம்பியில் ஒரு கட்டு கட்டினார். ஒட்டுப்போட்ட இடங்களில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். கோயிலுக்குள் நிற்க இடமில்லை. முருகன் கோயில்காரர்களும் வழக்கம்போல் எல்லாரும் வந்திருந்தார்கள். ஈரக் கம்பளி நாற்றமும் மெழுகுவர்த்திப் புகையுமாக இருந்தது. கரண்டு தரைவழியாக வராமலிருக்க அம்மாவைத் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். காலில் ரப்பர் செருப்பு. அந்த மேடையால்தான், கோயிலில் இருந்த எல்லாரும் அம்மாவை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தோம்.

பாதர் பீடத்துக்கு வரும்போது மழை தகரத்தில் இறங்கியது. வருகைப் பாட்டைப் பாடகர் குழு தொடங்கியது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அம்மா கையை உயர்த்தி ஒரே ஒரு தடவை தட்டினாள்.

முதல் வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. யாரோ "மாதாவே!" என்றார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா நிறுத்தவில்லை. பாட்டின் முதல் அடியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தாள், நாங்கள் பிடித்துக்கொள்ளும்வரை. முதலில் குழு பிடித்தது, பிறகு பெண்கள் பக்கம், பிறகு ஆண்கள். மழை குறையவேயில்லை. ஆனால் கிட்டார் எங்கே போகிறது என்று கதவோரம் நின்றவருக்கும் தெரிந்ததால், கோயில் முழுவதும் ஒரே இடத்தில் மூச்சு விட்டு, ஒரே இடத்தில் ஏறி இறங்கியது. போன வருசம்வரை மழை நாளில் நாங்கள் ஆளுக்கொரு பாட்டுத்தான் பாடியிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பூசை முடியும்வரை உபதேசியார் பாடவில்லை. முழந்தாள் போடவுமில்லை. ஜன்னலோரம் வயர் உள்ளே வருகிற இடத்தில் விளக்குமாற்றுக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மாவையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். நாங்கள் பிள்ளைகளெல்லாம் அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தோம். கொய்யா மரத்தில் கட்டின அந்த ஈர வயரையும் சைக்கிள் டியூபையும் இப்போது நினைத்தால், அன்றைக்கு யாரும் கரண்டு பட்டுச் சாகாதது அதிசயம்தான். அத்தனை பேரில் புத்தியோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். என்னவாவது ஆனால் வயரைத் தட்டிவிடக் காய்ந்த கட்டையோடு, பூசை முழுவதும் அம்மாவுக்குக் காவலாக நின்றிருக்கிறார்.

மழையால் சப்பரம் வெளியே எடுக்க முடியவில்லை. பாதர், "எல்லாரும் உள்ளயே இருங்க, நனைய வேணாம்," என்றார். கொழுக்கட்டையும் தேத்தண்ணியும் கோயிலுக்குள்ளேயே கொடுத்தார்கள். யாரோ அம்மாவை ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். அம்மா பாதரைப் பார்த்தாள். பாதர் கொழுக்கட்டையை மென்றுகொண்டே தலையசைத்தார். அவ்வளவுதான். சினிமாப் பாட்டு, பைலா, திரும்பவும் மாதா பாட்டு, அதே வேகத்தில் ஒரு கும்மி. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினாள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வாசலோடு போனவர், குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து நின்று தாளம் போட்டார். அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அதைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கண்டிக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கடைத்தகரத்தை அடித்த கூட்டம் பெருகிக்கொண்டே போனது.

மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிக் குரல் போய்விட்டது. பள்ளிக்கூடம் போகவில்லை. பத்து மணித் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுக்க மலைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. பனிமூட்டத்தில் ஆட்கள் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ பாடுகிறார்கள் என்று நினைத்துக் கிட்டப் போனால், பாட்டில்லை.

"டைங்... டைங்... டட்டட டைங்..."

நேற்றைக் கிட்டாரை வாயால் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிரையில் நின்ற அத்தனை பெண்களும், கூடையோடு, கை கொழுந்தில் ஓட ஓட. ஒருத்தி நிறுத்தின இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். அத்தை மட்டும் எங்கேயோ தடுக்கி வேறு பக்கம் போனாள். மேட்டில் நின்ற கங்காணி, "அந்த எடம் அப்படி இல்லியே," என்றார்.

கீழ் நிரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ரெண்டாவது தடவ மேல ஏறணும்டி. கேளு."

கொழுந்திலிருந்து கையை எடுக்காமலே வாயால் வாசித்துக் காட்டினாள். மலையில் இருந்த எல்லாரும் அதைத் திரும்ப வாசித்தார்கள். குரல் இல்லாத நான், தேத்தண்ணிப் போத்தலில் விரலால் தட்டினேன்.